முரண்டு பிடிக்கும் வீட்டுக் கணினி: ரீஸ்டோரா, ரீசெட்டா, ஃபார்மட்டா, ஸ்குரு டிரைவரா?

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய கணினி இன்று காலை பிரவுசரைத் தானாக மூடுகிறது. அரை மணி நேரம் கழித்து, விண்டோஸ் நிலைகுலைந்ததைச் சொல்லும் நீலத்திரையைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது. பிறகு ஒன்றுமே நடவாததுபோல் மாலை வரை ஓடுகிறது. விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினியில் இப்படி நேரும்போது நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: கணினியை முன்பொரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர், விண்டோஸைத் தன்னைத்தானே மறுபடி நிறுவிக்கொள்ள வைக்கும் ரீசெட், டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவும் ஃபார்மட், கேபினட்டைத் திறந்து பாகங்களைச் சோதிப்பது. பெரும்பாலோர் இவற்றை எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்ற இரண்டே கணக்கில் ஒப்பிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு வழி பலிக்காமல் போனால், கோளாறைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும்?

இந்தக் கணக்கைப் போடாமல் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பலகை) இரண்டு இருந்தன. ஒரு வாரமாகப் பிரவுசர் தானாக மூடி விழுந்துகொண்டிருந்தது. ஜிப் கோப்புகளைப் பிரித்தால் பாதியில் பிழை காட்டியது. நீலத்திரை வந்தபோதெல்லாம் அதில் வெவ்வேறு காரணம் எழுதியிருந்தது. கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “வைரஸ்தான் சார், ஃபார்மட் போட்டுடலாம்” என்றார்கள். கணினி மறுநாளே புத்தம்புதிதுபோல் திரும்பி வந்தது. இரண்டு வாரம் கழித்து அதே பிரவுசர், அதே நீலத்திரை. விண்டோஸை நிறுவும்போது ஒருமுறை பாதியில் நின்றுபோய் மறுபடி தொடங்க வேண்டியிருந்ததாகக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோளாறு கொடுத்த மிகத் தெளிவான துப்பு அதுதான். எங்கள் இருவர் காதிலும் அது விழவில்லை.

எந்த வழியையும் தொடுவதற்கு முன் விண்டோஸே எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பைப் பார்த்துவிட வேண்டும். ரிலயபிலிட்டி மானிட்டர் என்ற இந்த வசதி விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலயபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். நாளுக்கு ஒரு கட்டமாக, எந்தத் தேதியில் என்ன நிறுவப்பட்டது, எந்த நிரல் விழுந்தது, எப்போது கணினி முறையின்றி அணைந்தது என்பதையெல்லாம் அது வரிசையாகக் காட்டும். விழுந்தவற்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாளோ அதே நாளோ ஓர் அப்டேட்டோ, பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு நிரலான டிரைவரோ இறங்கியிருந்தால் சந்தேகம் மென்பொருள் பக்கம் சாயும். புதிதாக எதுவும் நிறுவப்படாமல், ஒரு நாள் பிரவுசர், ஒரு நாள் வேர்டு, ஒரு நாள் விண்டோஸே என்று சம்பந்தமில்லாதவை விழுந்துகொண்டிருந்தால் ஸ்குரு டிரைவரைத் தேடத் தொடங்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது, எதுவும் அழியாது.

சந்தேகம் அப்டேட்டின்மீது விழுந்தால் சிஸ்டம் ரீஸ்டோருக்கு நிகரானது வேறில்லை. 2000-இல் வெளிவந்த விண்டோஸ் எம்.இ.யிலிருந்து தொடரும் இந்த வசதி, டிரைவர்களையும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியையும், நிறுவப்பட்ட நிரல்களையும் குறித்த நாளுக்குத் திருப்புகிறது. நம் படங்களையும் ஆவணங்களையும் தொடுவதில்லை. பலித்தால் கோளாறு அந்த நாளுக்குப் பின் வந்த ஏதோ ஒன்றில் இருந்தது என்று தெரிகிறது. பலிக்காவிட்டால் அண்மையில் நிறுவிய எதுவும் காரணமில்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிறது. இதன் பெருங்குறை, பல கணினிகளில் இது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். தேவைப்படும் நாளில் திறந்து பார்த்தால் திரும்பிப்போக ஒரு புள்ளிகூட இருக்காது. இன்றைக்குக் கணினி நன்றாக இருக்கும்போதே சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதிக்குப் போய் சி டிரைவுக்கு அதை இயக்கி வைத்துவிடுவது நல்லது. ரீஸ்டோர் புள்ளி இல்லாதவர்களும் அப்டேட்டை மட்டும் தனியே நீக்கலாம், டிரைவரை மட்டும் அதன் பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் செய்யலாம். விண்டோஸின் பெரிய வெர்ஷன் மாற்றமாக இருந்தால் பழையதற்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு.

ரீஸ்டோரோடு சேர்த்துப் பேச வேண்டியது சேஃப் மோடு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு மிகவும் அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு எழுகிறது. அங்கே கணினி ஒழுங்காக இருந்தால் காரணம் வெளியிலிருந்து வந்த டிரைவரோ கூடவே தொடங்கும் ஏதோ நிரலோதான். அங்கேயும் தடுமாறினால் விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளையோ வன்பொருளையோ சந்தேகிக்க வேண்டும். பழுது நீக்கத்துக்கும் இதுவே போதுமான நேரங்கள் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான கோப்பு உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியபோது, கையால் சரிசெய்தவர்கள் செய்தது இவ்வளவுதான்: சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழித்தார்கள். அவை பெரும்பாலும் நிறுவனக் கணினிகள், வீட்டுக் கணினிகள் அல்ல. ஆனாலும் திரை எவ்வளவு பயங்கரமாகக் காட்சியளிக்கிறது என்பதை வைத்து வைத்தியத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

ரீசெட் இவற்றைவிடக் கனமான வழி. என் கோப்புகள் இருக்கட்டும், எல்லாவற்றையும் நீக்கு என்று இரண்டு தேர்வுகளை அது தருகிறது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் ஆவணங்கள் தங்கும். நாம் நிறுவிய நிரல்கள் போய்விடும். அடுத்து, விண்டோஸைக் கணினியிலிருந்தே எடுப்பதா, இணையத்திலிருந்து இறக்குவதா என்று கேட்கும். இருக்கும் கோப்புகளே கெட்டிருந்தால் அவற்றைக் கொண்டு கட்டும் விண்டோஸும் கெட்டதாகவே வர வாய்ப்பிருப்பதால், 4 ஜிபி அளவுக்கு டேட்டா செலவானாலும் இணையத்திலிருந்து இறக்குவதே நல்லது. தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் பலரிடம் இன்னும் இருக்கின்றன. ரீசெட்டுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால், தாத்தாவின் நினைவுக்குறிப்பு இருந்த இடத்தில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக ஒரு குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களை நான் அறிவேன். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் போய்விட்டது, அதை மறுபடி நிறுவினால் எழுத்து திரும்பி வரும். ஆகவே ரீசெட்டுக்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாமல் நடுவழி ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் ரெகவரி பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் மூலமாக இப்போதைய வெர்ஷனையே மறுபடி நிறுவும் தேர்வு ஒன்று உண்டு. நிரல்கள், கோப்புகள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்க, அடிப்படைக் கோப்புகள் மட்டும் மாற்றப்படுகின்றன. ரீசெட்டுக்கும் இதற்கும் போட்டி என்றால், கணக்கு மென்பொருளும் பழைய பிரிண்டரும் உள்ள வீட்டில் என் ஓட்டு இதற்குத்தான்.

ஃபார்மட்டை நான் வெறுப்பவன் அல்லன். கணினிக்குள் தீநிரல் புகுந்தது உறுதியானால், டிஸ்க்கையே மாற்றும்போது, கணினியை விற்கும்போது அதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஆனால் என் மூன்றாவது கணக்கில் அது மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெறுகிறது. பலித்தாலும் எதனால் கோளாறு வந்தது என்று தெரியாது. பலிக்காவிட்டால் மென்பொருள் காரணமில்லை என்று தெரியும், ஆனால் அந்த ஒரு வரித் தகவலுக்காக வீட்டிலுள்ள எல்லாவற்றையும் விலையாகக் கொடுத்திருப்போம். டி டிரைவில் இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கையும் சரியல்ல; சி, டி என்று டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன்களை அழித்து ஒன்றாக்கிவிடும் கடைகள் உண்டு, டெஸ்க்டாப்பில் கிடப்பதெல்லாம் எப்படியும் சி டிரைவில்தான் இருக்கிறது. ரீசெட்டோ ஃபார்மட்டோ, தொடங்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். புதிய கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. நீலத்திரையில் சாவி கேட்கும்போதுதான் தெரியவரும்.

“உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்” என்று திரையின் மூலையில் எழும்பும் எச்சரிக்கைகளுக்காக ஃபார்மட் போடுவது கொசுவுக்காக வீட்டை இடிப்பதாகும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு தளத்துக்கு நாம் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசரின் அமைப்பில் அதை நீக்கினால் நின்றுவிடும். அதில் தரப்பட்டிருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் அழைக்கவே கூடாது.

கேபினட்டைத் திறக்க மக்கள் தயங்குகிறார்கள். ஆனால் மின்சாரத்தை அணைத்து ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்தால் நான்கு வழிகளில் நம் கோப்புகளுக்கு மிகக் குறைந்த ஆபத்து இதில்தான். அறிகுறிகளும் இங்கே ஓரளவு தெளிவானவை. அணைத்து வைத்துத் திறக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய், வங்கித் தளம் உட்பட எல்லாத் தளங்களும் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் முரண்டு பிடித்தால், மதர்போர்டில் உள்ள 2032 எண் நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருப்பதால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானவையாகவோ இன்னும் தொடங்காதவையாகவோ தெரிகின்றன. பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரி இதைத் தீர்க்கும். மே மாத மதியத்தில் மட்டும் இருபது நிமிடத்தில் அணைந்தால் விசிறியிலுள்ள தூசியையும் பிராசசரின் வெப்பத்தைக் கடத்த அதன்மீது பூசப்பட்டுக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் பார்க்க வேண்டும்.

டிஸ்க் மட்டும் தனி வகை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில், ஹார்ட் டிஸ்க்கின் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு) ஆகிய இரண்டு வரிகளின் மூல எண்ணிக்கை சுழியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால், ரீஸ்டோர், ரீசெட், ஃபார்மட் மூன்றுமே தவறு. சாகக் கிடக்கும் டிஸ்க்கின்மேல் பல ஜிபி எழுதும் வேலைகள் அவை. முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மென்பொருள் வேடமிட்டு வரும் வன்பொருள் கோளாறு வீட்டுக்காரரை மட்டும் ஏமாற்றுவதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் சிலவற்றில், விளையாட்டுகள் வீடியோ நினைவகம் போதவில்லை என்று சொல்லி விழுந்தன. பலர் கிராஃபிக்ஸ் டிரைவரையும் விண்டோஸையும் மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்தார்கள். கடைசியில் பிராசசருக்குச் செல்லும் மின்னழுத்தமே குற்றவாளி என்று 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸ் வழியாக, பிராசசரின் உள் கட்டளைகளான மைக்ரோகோடுக்கு ஒரு திருத்தத்தையும் இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டியையும் அளித்தது.

எங்கள் கணினியின் கதைக்குத் திரும்புகிறேன். ஃபார்மட் தோற்றபின் நானே கேபினட்டைத் திறந்தேன். ரேமின் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துச் செருகுவது நம் ஊர்க் கடைகளின் முதல் மந்திரம். தொடுமுனை அழுக்கானால் அது பலிக்கவும் செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பலிக்கவில்லை. விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையும் குறையில்லை என்றே சொன்னது. சில பிழைகளை அது தவறவிடும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு இரவு முழுவதும் ஓடவிட்டேன். முதல் ரேம் விடியும்வரை சுத்தமாக இருந்தது. மறுநாள் இரண்டாவதைச் செருகிப் பதினைந்து நிமிடம் ஆவதற்குள் திரையில் சிவப்பு வரிகள் அடுக்கடுக்காக இறங்கின. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ரேமோடு ஓட்டிய நாளிலிருந்து நீலத்திரை வரவில்லை.

ஃபார்மட்டுக்கு முந்தைய மாலை, வீட்டுப் படங்களையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்திருந்தேன். அந்த நகல்களெல்லாம் பழுதான ரேமின் வழியாகத்தான் போயிருக்கின்றன என்பது பல மாதம் கழித்து, என் தங்கையின் வளைகாப்புப் படங்களைத் திறந்தபோது தெரிந்தது. பதினொரு படங்களில் மேல்பாதியில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களின் கைகளுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மூலப் படங்கள் சி டிரைவில் இருந்தன.