எதைவிடச் சுத்தம்? இயற்கை எரிவாயுவும் அதன் எதிராளிகளும்

"இயற்கை எரிவாயு சுத்தமான எரிபொருள்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: எதைவிட? நிலக்கரியைவிட என்றால் தயங்காமல் தலையாட்டலாம். விறகைவிட என்றால் இன்னும் வேகமாகவே ஆட்டலாம். காற்றாலையைவிட என்றால் முடியாது. எரிவாயுவின் நன்மை எவ்வளவு என்பது எதிரில் நிற்பது யார் என்பதைப் பொறுத்தது. அதனால் மொத்தமாக ஒரு மதிப்பெண் போடாமல், வேலை வேலையாகப் பிரித்து, அந்தந்த வேலைக்கு உண்மையில் போட்டியிடும் ஆளோடு நிறுத்திப் பார்க்கிறேன்.

மின்நிலையத்தில், நிலக்கரியோடு

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பன் அணு, அதோடு நான்கு ஹைட்ரஜன். எரியும்போது ஹைட்ரஜன் தண்ணீராகிறது, கார்பன் கார்பன் டை ஆக்சைடாகிறது. இரண்டு மாற்றமும் வெப்பம் தருகின்றன. நிலக்கரியில் எரிவது பெரும்பாலும் கார்பன்தான். எனவே ஒரு கிகாஜூல் வெப்பம் எடுக்க நிலக்கரி சுமார் 95 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. டீசல் 74 கிலோ, எரிவாயு 56 கிலோ.

இது பாதிக் கதை. மீதிப் பாதி டர்பைனில் இருக்கிறது. நிலக்கரி நிலையம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்றுகிறது. பழைய நிலையங்களில் 100 பங்கு வெப்பத்தில் 35 பங்கை ஒட்டித்தான் மின்சாரமாகிறது. மிகப் புதியவை 45ஐத் தொடுகின்றன. எரிவாயுவுக்கு வேறு வழி இருக்கிறது. விமான எஞ்சின் போன்ற ஒரு டர்பைனுக்குள்ளேயே அதை எரிக்கலாம். அதிலிருந்து வெளியேறும் புகை அப்போதும் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டை வைத்து நீராவி உண்டாக்கி, பக்கத்தில் இன்னொரு டர்பைனையும் ஓட்டிவிடுகிறார்கள். ஒரே எரிபொருளுக்கு இரண்டு அறுவடை. கூட்டுச் சுழற்சி நிலையம் என்பது இதுதான். பிரான்ஸின் பூஷெய்ன் நிலையம் 2016இல் 62.22 சதவீதத் திறனை எட்டி அப்போதைய உலக சாதனையைப் படைத்தது.

இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 38 சதவீதத் திறனுள்ள நிலக்கரி நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 900 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 55 சதவீதத் திறனுள்ள எரிவாயு நிலையத்தில் சுமார் 370 கிராம்.

அப்புறம் சாம்பல். எரிவாயு எரிந்தபின் அள்ளிக் கொட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. நிலக்கரி நிலையத்துக்குப் பின்னால் சாம்பல் குளம் வேண்டும், புகைபோக்கியில் தூசுப் பிடிப்பான் வேண்டும், கந்தகத்தைக் கழுவ ஒரு தனி ஆலையே வேண்டும். எரிவாயுவில் கந்தகமும் பாதரசமும் குழாயில் ஏறுவதற்கு முன்பே பிரிக்கப்பட்டுவிடுகின்றன; மிஞ்சும் தலைவலி நைட்ரஜன் ஆக்சைடுகள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அது முக்கியமாக நிலக்கரிப் புகை. காற்று மாசையும் விபத்துகளையும் சேர்த்துப் போட்ட பரவலான மதிப்பீடு ஒன்றில், ஒரு டெராவாட் மணி (நூறு கோடி யூனிட்) மின்சாரத்துக்கு நிலக்கரியால் 25 பேர் அளவில் இறக்கிறார்கள், எரிவாயுவால் 3 பேர் அளவில்.

நடந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1990இல் பிரிட்டனின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 90களில் எரிவாயு நிலையங்கள் வரிசையாக எழுந்து அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கின, பிறகு காற்றாலைகள் சேர்ந்தன. கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அமெரிக்காவில் 2005இல் பாதி மின்சாரம் நிலக்கரி. 2016இல் எரிவாயு அதை முந்தியது.

சரி, இந்தச் சுற்று எரிவாயுவுக்கு. ஆனால் வெற்றியை எழுதி வைப்பதற்கு முன் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

கசிவுக் கணக்கு

எரிந்த மீத்தேன் வேறு, எரியாமல் தப்பித்த மீத்தேன் வேறு. தப்பிய ஒரு கிலோ மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் அது 82 கிலோ அளவுக்குப் போகும். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவில்தான் தங்குகிறது. ஆனால் தங்கும் வரை அதன் வேகம் அப்படி.

கணக்கைக் கையால் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 50 மெகாஜூல் வெப்பம், 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே வெப்பத்தை நிலக்கரியில் எடுத்தால் 4.7 கிலோ. ஆக, மிச்சம் ஏறக்குறைய 2 கிலோ. இந்த 2 கிலோவை 82ஆல் வகுத்தால் 0.024 வருகிறது. அதாவது 100 கிலோ எரிவாயு எரிக்கும் இடத்துக்குக் கொண்டுவரும் வழியில் 2.4 கிலோ கசிந்தாலே, 20 ஆண்டுக் கணக்கில் சேமித்தது அத்தனையும் போச்சு. மின்சாரம் என்று வந்தால் டர்பைனின் திறன் கைகொடுக்கும். எல்லை 5 சதவீதம் அளவுக்கு நகரும். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் மீத்தேன் வருகிறது என்பதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகும். 100 ஆண்டுக் கணக்கில் எல்லை இன்னும் தள்ளிப்போகும்.

உண்மையில் எவ்வளவு கசிகிறது? அமெரிக்காவில் கள அளவீடுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிவதாகக் கண்டது. அரசு அதுவரை சொல்லிவந்த கணக்கைவிட அது ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் சேமிப்புக் கிணறு ஒன்று 2015 அக்டோபரிலிருந்து 2016 பிப்ரவரி வரை விட்டுக்கொண்டே இருந்தது. வெளியேறியது சுமார் ஒரு லட்சம் டன் மீத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்தத் துறையில் ரொம்ப நாள் முடிந்தது, ஏனென்றால் மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கேமராவும் செயற்கைக்கோளும் வந்த பிறகு அது கஷ்டமாகிவிட்டது.

இதை வைத்து எரிவாயுவே கூடாது என்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்தடியில் அடைப்பது ஒரு ரசாயனத் தொழிற்சாலை அளவு வேலை. வால்வையும் தொட்டி மூடியையும், மிஞ்சும் வாயுவை எரித்துவிட வைத்து அணைந்துபோன எரிசுடரையும் சரிசெய்வது கிட்டத்தட்ட பிளம்பர் வேலை. தப்பாமல் பிடித்த வாயுவை விற்கவும் செய்யலாம். செய்யத் தெரியாமல் இல்லை, செய்யவைக்க ஆள் இல்லாமல்தான் பல இடங்களில் நடக்கவில்லை.

எரிவாயு எந்த வழியாக வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். குழாய் எட்டாத தூரத்துக்கு அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, 600இல் ஒரு பங்காகச் சுருக்கி, கப்பலில் ஏற்றுகிறார்கள். 1959இல் மீத்தேன் பயனியர் என்ற கப்பல் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கேன்வி தீவுக்கு இப்படிக் கொண்டுபோய்க் காட்டியது. ஆனால் திரவமாக்கும் ஆலைக்கே வந்த வாயுவில் பத்தில் ஒரு பங்கு அளவு செலவாகிவிடும். பக்கத்துக் கிணற்றிலிருந்து குழாயில் வருவதையும் கடல் கடந்து வருவதையும் ஒரே சரக்காக நினைத்து ஒப்பிடுவது தப்பு.

அடுப்பில், சிலிண்டரோடும் விறகோடும்

எல்பிஜி சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது மீத்தேன். இரண்டிலும் அதே நீலச் சுடர்தான் என்பதால் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பர்னரைக் கழற்றி அடியில் பாருங்கள், பித்தளையில் ஊசி முனை அளவு துளையுள்ள ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுதான் ஜெட். ஒரு கன மீட்டர் புரோப்பேனில் இருக்கும் வெப்பம், அதே அளவு மீத்தேனில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. எனவே குழாய் வாயுவுக்குப் பெரிய துளை வேண்டும், சிலிண்டருக்குச் சிறிய துளை. சிலிண்டர் ஜெட்டை மாற்றாமல் குழாயில் இணைத்தால் சுடர் நோஞ்சானாக எரியும். தலைகீழாகச் செய்தால், அதாவது குழாய் ஜெட்டில் சிலிண்டரை இணைத்தால், மஞ்சள் நிறத்தில் உயரமாகக் கொழுந்துவிட்டுப் பாத்திரத்தின் அடியைக் கரியாக்கும்; கார்பன் மோனாக்சைடும் வரும். முதலாவது வெறும் எரிச்சல், இரண்டாவது ஆபத்து.

பாதுகாப்பில் குழாய் வாயுவுக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு. மீத்தேன் காற்றைப் போலப் பாதி எடைதான். கசிந்தால் மேலே ஏறி, ஜன்னல் திறந்திருந்தால் வெளியேறிவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையில் படிந்து, கட்டில் அடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். அதனால்தான் கசிவு உணர்கருவியை மீத்தேனுக்குக் கூரை ஓரமாகவும் எல்பிஜிக்குத் தரை ஓரமாகவும் மாட்டுகிறார்கள். மாற்றி மாட்டினால் அது சுவரில் ஓர் அலங்காரம், அவ்வளவுதான். மீத்தேனுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. 1937இல் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், யாருக்கும் தெரியாமல் அடித்தளத்தில் சேர்ந்த வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அழுகிய வாடை தரும் பொருளைக் கலப்பது கட்டாயமாகத் தொடங்கியது.

விறகோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை. உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேர் இன்னும் விறகு, வறட்டி, கரி போன்றவற்றின் புகைக்கு நடுவில்தான் சமைக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வாயு என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. ஆனால் போட்டியாளர் இண்டக்ஷன் அடுப்பு என்றால் நான் இண்டக்ஷன் பக்கம்தான். சுடர் எதுவாக இருந்தாலும் அறைக்குள் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், பாத்திரத்தைச் சுற்றி மேலேறும் சூடு சமையலறையைத்தான் வேகவைக்கும். மின்சாரம் அடிக்கடி போகிற இடம் என்றால் மட்டும் எரிவாயு அடுப்பு மறுபடி முன்னே வரும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் வேலையில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 100 பங்கு எரிவாயுவை வீட்டு பாய்லரில் எரித்தால் 90 பங்கு சூடு கிடைக்கும். அதே 100 பங்கை நல்ல மின்நிலையத்தில் எரித்தால், கம்பியில் போகும் இழப்பு கழித்து 50 பங்கு மின்சாரம். அதில் வெப்ப பம்பை ஓட்டினால், அது வெளிக்காற்றிலிருந்தும் சூட்டை இழுத்துக்கொண்டு மூன்று மடங்காக, அதாவது 150 பங்காகத் தரும். எரிவாயுவின் பெரிய எதிரி சில நேரம் எரிவாயுவையே வேறு இடத்தில் எரிப்பதுதான்.

தொழிற்சாலையில் கதை வேறு. கண்ணாடி உலைக்கு 1500 டிகிரி அளவில் சீரான சூடு வேண்டும். உரத்துக்கான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும்; உலக அம்மோனியாவில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மூலப்பொருளே இயற்கை எரிவாயு. மீதியில் பெரும்பகுதி நிலக்கரி, அது இன்னும் மோசம். பசுமை ஹைட்ரஜன், அதாவது சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது, மலிவாகும் வரை இங்கே எரிவாயுவை அசைப்பது கடினம்.

வாகனத்துக்கு ஒரு வரி போதும்: டீசலைவிட சிஎன்ஜியில் (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கரிப்புகை மிகக் குறைவு, ஆனால் 200 பார் அழுத்தத்தில் அடைத்தாலும் ஒரு லிட்டர் இடத்தில் டீசலின் கால் பங்கு ஆற்றல்தான் அடங்கும், நகரப் பேருந்து என்றால் இன்று மின்சாரப் பேருந்துதான் என் தேர்வு.

சூரிய ஒளியோடும் காற்றோடும்

எரிப்பதை மட்டுமல்லாமல், கட்டுவது, எரிபொருள் எடுப்பது, கசிவு என்று வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் ஒரு யூனிட்டுக்கு எரிவாயு சுமார் 490 கிராம் கார்பன் டை ஆக்சைடு அளவு, சூரிய மின்சாரம் 45 கிராம் அளவு, காற்றாலை 11 அல்லது 12. நிலக்கரி 820 (மேலே வந்த 900 திறன் குறைந்த நிலையத்துக்கானது). காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014இல் தந்த நடுமதிப்புகள் இவை. இந்த அட்டவணையில் எரிவாயு ஜெயிக்க வழியே இல்லை.

எரிவாயு கேட்பது வேறு வேலை: சூரியன் இறங்கி, எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் அந்த இரண்டு மூன்று மணி நேரம். நீராவிச் சுற்று சேராத தனி எரிவாயு டர்பைன் ஒன்றைப் பத்து நிமிட அளவில் முழு வேகத்துக்குக் கொண்டுவரலாம். ஆறிக்கிடக்கும் நிலக்கரி பாய்லருக்குப் பல மணி நேரம் ஆகும். பாட்டரி இன்னும் வேகம், கண் இமைப்பதற்குள் வந்துவிடும். நான்கு மணி நேரம் தாங்கும் பாட்டரிகள் மலிவாக மலிவாக, மாலை நேர வேலையை எரிவாயுவிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாரம் காற்றே அடிக்காமல் வானமும் மூடிக் கிடந்தால் பாட்டரி கைவிரித்துவிடும். அந்த வாரத்துக்காக, வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் எரிவாயு நிலையத்தை வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாள் முழுக்க ஓட்டினால்தான் கட்டுபடியாகும் என்று புதிதாக ஒன்றைக் கட்டினால், அது 30 ஆண்டுக்கு மேல் நிற்கும். அதற்குள் பக்கத்தில் ஒப்பிட நிலக்கரி இருக்காது.

"எரிவாயு எப்போதும் கைவசம்" என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். நிலக்கரியை முற்றத்தில் ஒரு மாதத்துக்குக் குவித்து வைக்கலாம். எரிவாயு பெரும்பாலும் அந்தந்த நேரத்துக்குக் குழாயில் வந்தாக வேண்டும். 2017 குளிர்காலத்தில் வட சீனாவில் நிலக்கரி அடுப்புகளை அவசரமாக எடுத்துவிட்டு எரிவாயுவுக்கு மாற்றினார்கள். வாயு போதாமல் பள்ளிக்கூடங்கள்கூடக் குளிரில் நடுங்கின. 2021 பிப்ரவரியில், எரிவாயு ஊறும் டெக்சாஸிலேயே, உறைபனியில் கிணறுகளும் கருவிகளும் உறைந்துபோயின. மின்சாரம் குறைந்ததும் மின்வாரியங்கள் பகுதி பகுதியாக இணைப்பைத் துண்டித்தன. துண்டிக்கப்பட்டவற்றில் மின்நிலையங்களுக்கு வாயு அனுப்பும் கிணறுகளும், அதைக் குழாயில் அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்களும் இருந்தன. "இது அத்தியாவசிய இணைப்பு, துண்டிக்காதீர்கள்" என்று பதிவுசெய்ய ஒரு விண்ணப்பம் இருந்தது. பல நிறுவனங்கள் அதைப் பூர்த்திசெய்து கொடுத்திருக்கவில்லை.