ஏவ்பரியில் எந்தப் பக்கம் நடப்பது? தெற்கா, மேற்கா, கிழக்கா

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் ஏவ்பரி, கல்வட்டத்துக்குள், அதாவது ஆதிகாலத்து மக்கள் பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த இடத்துக்குள், குடியிருக்கும் ஊர். உலகத்தில் இருக்கும் கல்வட்டங்களிலேயே பெரியது இதுதான்; வெளிவட்டத்தின் விட்டம் சுமார் 330 மீட்டர். இரண்டு தார்ச்சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வட்டத்தை நான்காக வெட்டுகின்றன. நடுவில் ரெட் லயன் என்ற மதுக்கடை, சில வீடுகள். சுற்றிலும் கற்களுக்கிடையே செம்மறிகள் மேய்கின்றன.

வருகிறவர்களில் பலர் காரை நிறுத்திவிட்டு, கற்களை ஒரு சுற்றுச் சுற்றி, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த வட்டம் தனியாக நிற்கும் பொருள் இல்லை. சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் முழுவதும் இதே கதையின் மற்றப் பக்கங்கள். அவற்றைப் படிக்க மூன்று நடைவழிகள் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்றையும் நடக்க முடியாது என்பதால், எதை எடுப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும்.

பெரும்பாலும் எல்லோரும் பரிந்துரைப்பது தெற்குச் சுற்று. சுமார் 10 கிலோமீட்டர். நின்று பார்த்துப் போனால் நான்கு மணி நேரம் ஆகும். ஊரிலிருந்து சின்ன ஓடையை ஒட்டித் தெற்கே இறங்கினால், கால் மணி நேரத்துக்குள் சில்பரி குன்று கண்ணில் விழும். முதல் முறை பார்க்கும்போது அது மனிதக் கை கொட்டிய மண் என்று நம்பவே முடியாது. உயரம் 30 மீட்டர், கி.மு. 2400 வாக்கில் எழுப்பியது. உள்ளே ஏதோ ஓர் அரசனின் புதையல் இருக்கும் என்று நினைத்து 1776இல் உச்சியிலிருந்து குழி தோண்டினார்கள். 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் போட்டார்கள். 1968இல் இன்னொரு சுரங்கம். அரசனும் இல்லை, புதையலும் இல்லை. பழைய குழிகள்தான் மிச்சம். 2000ஆம் ஆண்டில் உச்சி உள்வாங்கி ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. 2007, 2008இல் உள்ளே இருந்த வெற்றிடங்களையெல்லாம் நிரப்பி மூடினார்கள். இன்று குன்றின் மேல் ஏற அனுமதி இல்லை. ஆசைப்பட்டு வேலி தாண்டாதீர்கள்.

அடுத்து ஏ4 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் வேகமாக வரும். குழந்தைகளோடு போனால் கையை விடாதீர்கள். கடந்து மேட்டில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடும்புதைமேடு. தெற்கு வழியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கி.மு. 3650 வாக்கில் கட்டியது, சில்பரியைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. 100 மீட்டர் நீளமுள்ள மேட்டின் கிழக்கு முனையில் ஐந்து கல்லறைகள். தலையைத் தாழ்த்தி உள்ளே போகலாம், கட்டணம் கிடையாது. குறைந்தது 36 பேருடைய எலும்புகள் உள்ளே கிடைத்தன, ஆண், பெண், குழந்தை எல்லோரும். வெயில் நாளில்கூட உள்ளே குளிரும். கற்சுவரில் கை வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு இந்த வழி கொஞ்சம் சோர்ந்துவிடுகிறது. கிழக்கே நடந்து ஓவர்டன் குன்றில் சாங்சுவரி என்ற இடத்துக்கு வருவோம். மரத்தூண்களும் கற்களும் நின்ற இடத்தில் இப்போது வரிசையாகக் கான்கிரீட் கட்டைகள்தான். 18ஆம் நூற்றாண்டில் கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1930இல் தொல்லியலாளர் மாட் கன்னிங்டன் தோண்டித்தான் இடத்தையே மறுபடி கண்டுபிடித்தார். கடைசியில் இரட்டை வரிசைக் கற்களுக்கு நடுவே ஊருக்குள் நடந்து வருவது மட்டும் அருமை. நடந்தே உள்ளே வருவதற்காக அமைத்த வழி அது. அந்தக் கடைசிப் பகுதிக்காகவே இந்தச் சுற்றை நடக்கலாம்.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. குளிர்காலத்தில் ஓடை பெருகிப் பாதையை மூடிவிடும். ஒரு பிப்ரவரியில் முழங்கால் தண்ணீரில் பத்து அடி போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மேற்கே, சரியாகச் சொன்னால் வடமேற்கே, இருக்கிறது விண்ட்மில் ஹில். போய்வர இரண்டு மணி நேரம் போதும், ஏற்றமும் மிக மெதுவானது. மேலே போனால் பார்க்க ஒன்றும் இல்லை என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. இருப்பது புல் மூடிய ஆழமில்லாத அகழிகள், மூன்று வளையமாக. நடுநடுவே பிற்காலத்து வட்டப் புதைமேடுகள். ஆனால் கல்வட்டம் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்னால், கி.மு. 3700ஐ ஒட்டி, சுற்றுவட்டார மக்கள் மாடுகளை ஓட்டிவந்து கூடி விருந்துண்ட இடம் இது. அகழிகளில் கிடைத்த மாட்டெலும்புகள் ஏராளம். 1923இல் இந்தக் குன்றின் மேல் வானொலி நிலையம் கட்ட மார்க்கோனி நிறுவனம் திட்டமிட்டது. அதைத் தடுப்பதற்காக, மார்மலேட் (ஆரஞ்சுப் பழ ஜாம்) வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கெய்லர் குன்றையே விலைக்கு வாங்கிவிட்டார்! 1930களில் ஏவ்பரியில் விழுந்தும் புதைந்தும் கிடந்த கற்களை நிமிர்த்தி வைத்தவரும் அவர்தான். ஊருக்குள் இருக்கும் அவர் பெயர் கொண்ட அருங்காட்சியகத்தில், விண்ட்மில் ஹில்லில் கிடைத்த ஒரு குழந்தையின் எலும்புக்கூடு இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் குன்றில் ஏறினால், அந்த வெறும் புல்வெளி வேறு மாதிரித் தெரியும்.

நேரம் குறைவு, கால்வலி, சின்னக் குழந்தை என்றால் இந்த வழி நல்லது. மற்றபடி இதை மற்ற இரண்டோடு சமமாக வைக்க மாட்டேன்.

இனி கிழக்கு. கல்வட்டத்தின் கிழக்கு வாசலிலிருந்து ஹெர்பாத் என்ற பழைய பாதை நேராக மேட்டில் ஏறுகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் 'படை போகும் வழி' என்று பொருள். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனதும் ரிட்ஜ்வே குறுக்கே வரும். சாங்சுவரி பக்கத்தில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் ஓடும் தேசிய நடைவழி அது. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் ஃபைஃபீல்டு டவுன். அங்கே போய்த்தான் நான் ஏவ்பரியைப் புரிந்துகொண்டேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் கற்கள். நிமிர்த்தியவை அல்ல, அப்படியே கிடப்பவை. ஆயிரக்கணக்கில். சார்சென் என்பது இந்தக் கல்லின் பெயர். ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பாறையின் மேல் படிந்திருந்த மணல், சிலிக்காவால் இறுகிக் கல்லானது. சுற்றியிருந்த இளகிய மண் கரைந்துபோக, பனியுகத்தில் உறைந்து இளகிய நிலம் இந்தக் கற்களை மெல்லச் சரித்துப் பள்ளத்தில் கொண்டுவந்து சேர்த்தது. 'சாம்பல் கிடாக்கள்' என்று உள்ளூரில் அழைத்தார்கள். மங்கலான காலையில் தூரத்திலிருந்து பார்த்தால், படுத்துக் கிடக்கும் கிடை என்றே தோன்றும். சில கற்கள் எழுந்து நடக்கும்போதுதான் அவை ஆடுகள் என்று தெரியும்.

ஊரில் நிற்கும் கற்களுக்கும் இங்கே கிடக்கும் கற்களுக்கும் வேறுபாடு இல்லை. அங்கே சில கற்கள் 40 டன்னுக்கு மேல் எடை. இந்த மாதிரி மேட்டிலிருந்து சக்கரம் இல்லாமல் அவற்றை இழுத்தார்கள் என்பது, இங்கே நின்று அந்தத் தூரத்தைக் கண்ணால் அளக்கும்போதுதான் உறைக்கிறது. ஓவர்டன் டவுன் பக்கம் ஒரு கல்லில் வழவழப்பான பள்ளங்கள் இருக்கின்றன, கல்கோடரியைத் தேய்த்துத் தீட்டிய தடங்கள். விரலை வைத்தால் சரியாக உட்காரும். அடையாளப் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. பிரிட்டன் அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே நில வரைபடத்தோடு பொறுமையாகத் தேட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. போய்வர 9 கிலோமீட்டராவது ஆகும், வழியில் கடையோ கழிப்பறையோ நிழலோ கிடையாது. காற்று வெட்டும். மழைக்குப் பிறகு சுண்ணாம்புச் சேறு சோப்புப் போல வழுக்கும். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் புல்தடங்கள் குறுக்கே வருவதால் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். கல்லின் மேல் ஏறாதீர்கள். அவற்றில் வளரும் கல்பாசிகளில் அரிய வகைகள் உண்டு.

திரும்பி ஹெர்பாத் வழியே இறங்கும்போது ஊரின் வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டக்லி 1720களில் இங்கே வந்து பார்த்தபோது, ஊர்க்காரர்கள் கற்களின் அடியில் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டுகள்தான் இந்தச் சுவர்களில் இருக்கின்றன. கிடக்கும் கல், நிற்கும் கல், உடைந்த கல் மூன்றையும் ஒரே நடையில் பார்க்கக் கிழக்கு வழியில்தான் முடியும்.

ஆக, என் தேர்வு கிழக்கு. முதல் முறை வருகிறவர், இனி ஒருமுறை வருவோமா என்று தெரியாதவர் என்றால் மட்டும் தெற்கு என்பேன். அந்தக் கல்லறைக்குள் நிற்காமல் ஊர் திரும்ப வேண்டாம். ஆனால் அதுவும் மே மாதத்திலிருந்து அக்டோபருக்குள். குளிர்காலத்தில் வந்தால் ஓடைப் பக்கம் போகாமல், நல்ல காலணி போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்குள் ஹெர்பாத்தில் ஏறிவிடுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.