லோட்டஸ் எஃப்எம் வானொலியா, வாட்ஸ்அப் குழுவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு, 1983இல் ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம் வழியாகவும் அக்கம்பக்கத்தார் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் செய்தி வருகிறது. வானொலியில் எது செய்தி என்பதை ஆசிரியர் குழுவே முடிவுசெய்கிறது; நேயர் காத்திருக்க வேண்டும், ஆனால் பிழை நேர்ந்தால் ஒலிபரப்பு முறையீட்டு ஆணையத்திடம் புகார் அளிக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவிலோ கேட்பவரே செய்தியாளர். தண்ணீர் நின்றதும் சாலை அடைபட்டதும் அங்கே உடனே தெரிந்துவிடும் என்பதால், அன்றாடத் தேவைக்கு அதையே பரிந்துரைப்பேன். உயிரோடும் இன உறவோடும் தொடர்புடைய செய்திக்கு ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்: முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைசென்றதை அடுத்து வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தின்போது, பேசியவர் யாரென்றே தெரியாத குரல்பதிவுகள் கைமாறி ஃபீனிக்ஸில் அச்சத்தைப் பெருக்கின, அவற்றுக்கு மறுப்பு வெளியிடும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்று 2020இல் வாட்ஸ்அப் விதித்த வரம்பு, பரவலைத் தாமதப்படுத்துமேயன்றி உண்மையைச் சோதிக்காது.