ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: ரங்கூன் கடையில் மூன்று வருடங்கள்

ரங்கூனில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை. கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பர்மிய மொழி மனு, இவைதான் பிழைப்பு. 2022 கடைசியில், கடை லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டே லினக்ஸ் மிண்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டேன். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

விண்டோஸை ஒரேயடியாகத் தூக்கிவிடலாமே என்பார்கள். தூக்க விடாதது எழுத்துருதான். பர்மா 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு, அதாவது உலகப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாறியது. அதற்கு முன் எங்கே பார்த்தாலும் ஸாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு. இரண்டும் ஒரே குறியீட்டு இடங்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், ஒன்றில் அடித்ததை மற்றதில் திறந்தால் எழுத்து கலைந்து கிடக்கும். பழைய தமிழ் எழுத்துருவில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த நோட்டீஸ்களும் மலைபோல் இருக்கின்றன. "போன வருஷ நோட்டீஸ்தான், தேதியை மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருகிறவருக்கு யூனிகோட் பாடமா நடத்த முடியும்? விண்டோஸை லினக்ஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக ஓட்டியும் பார்த்தேன். 8 ஜிபியில் இரண்டுக்கும் மூச்சு வாங்கியது.

நிறுவுவது ஒரு மாலை வேலை. கோப்புகளை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கினேன். முதலில் கொஞ்ச இடம்தான் விட்டுக்கொடுத்தது. ஹைபர்னேட் கோப்பும் (திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவதற்கானது) பேஜ் கோப்பும் (ரேம் போதாதபோது உதவுவது) நகராமல் உட்கார்ந்திருந்தன. இரண்டையும் தற்காலிகமாக அணைத்த பிறகு 90 ஜிபி கிடைத்தது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், டிஸ்கின் பிரிவுகளில் (பார்டிஷன்) கை வைக்கும்முன் பேட்டரி முழுக்க ஏறட்டும்.

அப்புறம் நானே ஒரு வினையை இழுத்துக்கொண்டேன். கரண்ட் போனால் வசதியாக இருக்குமே என்று ஹைபர்னேட்டை மறுபடி போட்டேன். அதோடு விண்டோஸைச் சீக்கிரம் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் திரும்பி வந்தது. அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸில் டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே விட்டது, சேமிக்க விடவில்லை. டிஸ்க் போச்சு என்று ஒரு நாள் முழுக்கக் கலங்கினேன். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கான டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது.

என்னை அதிகம் படுத்தியது கடிகாரம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை (யூடிசி) வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். பர்மா உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னே இருப்பதால், காலை பத்து மணிக்குக் கடை திறந்தால் விண்டோஸ் 3:30 என்று சொல்லும். அந்த அரை மணிதான் ஆளைக் குழப்பியது. அந்தக் கடிகாரத்தை ஓட வைக்கும் சீமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றியும் பார்த்தேன், வீண் செலவு. ரசீதுகளில் நேரம் தப்பாக விழுந்தது. இணையம் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும், அது இருக்கும் நேரத்தில். கடைசியில் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், டைம்சோன் இன்ஃபர்மேஷன் பகுதியில், 'ரியல்டைம்ஈஸ்யூனிவர்சல்' என்ற பெயரில் ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்தேன். அன்றோடு தொல்லை ஒழிந்தது.

இப்போது தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பது, பர்மிய யூனிகோட், பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் மிண்டில். விண்டோஸ் பக்கம் வாரத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய சிப்பை ஏற்காது. அதனால் விண்டோஸுக்குள் வைஃபையை அணைத்தே வைத்திருக்கிறேன்.

பழைய கோப்பு எதுவும் இல்லாதவர் இந்த இரட்டைக் குடித்தனத்துக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். எனக்கு வேறு வழி இல்லை. லேப்டாப் பேட்டரி இப்போது அரை மணிகூடத் தாங்குவதில்லை. தெருவில் பிள்ளைகள் "மீ லாப்யி!" என்று கத்தினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். பட்டனை அழுத்துவேன், விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடை வாசலில் நிற்பவர் கையில் இருக்கும் தாளைப் பார்த்து முடிவு செய்வேன்.