மண்டபம் கடற்கரையில் நடந்த சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர் பட்டறை: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி பக்கம் சின்ன அளவில் சாஃப்ட்வேர் தொழில் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்க்கிடெக்சரும் (சாஃப்ட்வேரின் உள்கட்டமைப்பை வடிவமைப்பது) பிசினஸ் ஸ்ட்ராட்டஜியும் சேர்த்துக் கற்றுத்தருவதாக, கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு நாள் பட்டறை என்று ஒரு விளம்பரம் மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியிருக்கிறது. மேலே பாம்பன் புதுப் பாலத்தின் படம், கீழே கோட் போட்ட ஒருவரின் படம். போன மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் நடந்ததும் இதே ஆட்களின் பட்டறைதான். அதற்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இந்த முறை தொண்டியில் நடத்தப் போகிறார்களாம்.

நாங்கள் செய்வது மீன் கம்பெனிகளுக்கான கணக்கு சாஃப்ட்வேர். ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மறுநாள் காலை அத்தனை போட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரைக்கு வரும். இறால், நண்டு, கணவாய், சங்காயம் என்று தனித்தனியாக எடை போட்டு, அந்தந்த போட்டுக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற முன்பணத்தில் கழித்து, டீசல் பற்று, ஐஸ் பற்று எழுதி, மிச்சத்தைக் கையில் கொடுக்க வேண்டும். படகு நிற்கிற ஜெட்டியில் இன்டர்நெட் வரும், போகும். எடை போடுகிற பையன் போனில் ஒரு கணக்கு இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு இருக்கும். இரண்டும் தொடர்பு அறுந்து கிடந்துவிட்டு, பிறகு சேரும்போது எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது? எங்கள் தொழிலே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. தப்பான கணக்கு போய்விட்டால், ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்தவரின் கூலியில் கை வைத்ததாக ஆகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. போட்டெல்லாம் கரையில் நிற்கும்போது எங்களுக்கும் வேலை குறையும். அந்த நேரத்தில்தான் சாஃப்ட்வேரின் உள்கட்டமைப்பைப் பிரித்துச் சரிசெய்வோம். பட்டறை மே மாதம் என்றதும் நல்ல நேரம் என்று நினைத்தோம்.

அவர்கள் எழுத்தில் கொடுத்த வாக்குறுதிகளை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விவகாரமும் அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களில் இருபது வருடம் ஆர்க்கிடெக்டாக இருந்தவர் இரண்டு நாளும் நேரில் நடத்துவார். ஒவ்வொரு குழுவும் தன் சொந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவரலாம், அதை அவரே உட்கார்ந்து பார்ப்பார். முடிந்தபின் ஒவ்வொரு குழுவுக்கும் எழுத்தில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வரும். ஆளுக்கு 24,000 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி 4,320, ஆக மொத்தம் 28,320. கூட்டாளிக்கும் சேர்த்து 56,640 கட்டினோம். எங்களுக்கு அது சின்னத் தொகை கிடையாது.

முதல் நாள் காலையிலேயே ஆள் இல்லை. "சார் ஃப்ளைட்ட மிஸ் பண்ணிட்டாரு, நாளைக்குக் கட்டாயம் வந்துருவாரு" என்றார்கள். மறுநாள் வந்தது ஒரு வீடியோ. திரையில் அவர் சிரித்த முகமாக, "வணக்கம் கோயம்புத்தூர்" என்று ஆரம்பித்தார். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது எப்போதோ, யாருக்கோ பேசிய பேச்சு. ஊருக்கு வந்தபின் அவருக்கே லிங்க்ட்இன்னில் எழுதிக் கேட்டேன். இப்படி ஒரு பட்டறை நடப்பதே தனக்குத் தெரியாது, முன்பு ஒரு கூட்டத்தில் பேசியதோடு சரி, தன் படத்தைப் போட யாரும் அனுமதி கேட்கவில்லை என்று பதில் போட்டார். அந்தப் பதிலை வைத்திருக்கிறேன்.

அவருக்குப் பதிலாக நடத்தியவரை நான் தனிப்பட்ட முறையில் குறை சொல்ல விரும்பவில்லை. சின்ன வயது, சம்பளத்துக்கு நிறுத்தப்பட்டவர். ஆனால் அவர் காட்டிய ஸ்லைடுகளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடின் வலது கீழ் மூலையிலும் ஒரு வெள்ளைக் கட்டம். ஸ்லைடின் பின்னணி இளமஞ்சள், கட்டம் மட்டும் தூய வெள்ளை. வேறு யாருடைய லோகோவையோ மறைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் கட்டம் கொஞ்சம் நகர்ந்துபோய் பாதி எழுத்து வெளியே தெரிந்தது. பக்க எண் 14-க்கு அடுத்து 31 வந்தது. உதாரணமெல்லாம் லட்சக்கணக்கில் ஆர்டர் வருகிற ஆன்லைன் கடையைப் பற்றியது.

மதியம் நான் ஜெட்டிக் கேள்வியைக் கேட்டேன். நெட் அறுந்த நேரத்தில் இரண்டு போனில் ஒரே போட்டுக்கு இரண்டு எடை பதிந்துவிட்டால் எதை எடுப்பது என்று. "ஈவென்ட் டிரிவனுக்கு மாறிட்டா சரியாயிரும் சார்" என்றார். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நிகழ்வாக அனுப்பி மற்ற பாகங்களை இயக்குகிற முறை அது. எப்படிச் சரியாகும் என்று கேட்டதும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு மஞ்சள் தாளில் எழுதி சுவரில் ஒட்டினார்.

இங்கே ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். என் கேள்வி புதிதல்ல. 2000-ல் கணினி விஞ்ஞானி எரிக் புரூவர் முன்வைத்து, 2002-ல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் நிரூபித்த சிஏபி தேற்றம் பேசுவது இதைத்தான். தொடர்பு அறுந்திருக்கும் நேரத்தில் இரண்டு வழிதான் உண்டு. கணக்கு ஒன்றாகவே இருக்க வேண்டுமானால் எடை பதிவதை நிறுத்தி வைக்க வேண்டும். எடை பதிவது நிற்கக் கூடாதென்றால் கணக்கு கொஞ்ச நேரம் வேறுபட்டிருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜெட்டியில் இறால் வெயிலில் கிடக்கும்போது எடையை நிறுத்த முடியாது. அப்படியானால் இரண்டாவது வழிதான். பிறகு சேரும்போது முரண்பட்ட எடையை யார் பார்த்து முடிவு செய்வது, கம்பெனிக் கணக்கப்பிள்ளையா, போட் ஓனரா என்பது தொழில் சார்ந்த முடிவு. ஆர்க்கிடெக்சரும் தொழிலும் ஒன்றையொன்று தொடுகிற இடமே அதுதான். இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்தவர்கள் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஈவென்ட் என்று சொல்வதால் மட்டும் இந்த முடிவை எடுக்காமல் தப்பிக்க முடியாது.

என் பக்கத்தில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இருந்தார். துபாயில் நம்மூர்க்காரர் நடத்தும் கடைகளுக்கும் இங்குள்ள கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் கொடுப்பவர். அங்கே 2018 முதல் 5 சதவீதம் வாட் வரி, இங்கே ஜிஎஸ்டி. இரண்டையும் ஒரே புரோகிராமில் எப்படிப் பிரித்து வைப்பது என்று கேட்டார். அதற்கு வந்த பதில் மைக்ரோசர்வீஸ், அதாவது ஒரே புரோகிராமைத் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன சர்வீஸாக உடைப்பது. மொத்தம் பதினைந்து சர்வீஸாக உடைக்கச் சொல்லி, நடத்தியவர் படம் போட்டுக் காட்டினார்.

"தம்பி, நாங்க மொத்தமே ரெண்டு பேரு. பதினஞ்சு சர்வீஸ யாரு பாக்குறது?" என்றார் காக்கா.

"ஸ்கேல் ஆகும்போது ஆள் எடுத்துக்கலாம் பாய்."

காக்கா அதற்குப் பிறகு நோட்டை மூடிவிட்டார்.

இது வெறும் அரைகுறைப் பதிலாக இருந்தால் பரவாயில்லை. இந்த ஆலோசனை ஒரு சின்ன நிறுவனத்தைக் கவிழ்த்துவிடும். ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அதே வடிவில்தான் அவர்கள் செய்யும் அமைப்பும் வரும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். இரண்டு பேர் உள்ள கடையில் பதினைந்து துண்டு நிற்காது. மைக்ரோசர்வீஸ் பற்றி 2014-ல் ஜேம்ஸ் லூயிஸுடன் சேர்ந்து எழுதிப் பரவலாக்கிய மார்ட்டின் ஃபவுலரே, 2015-ல், முதலில் ஒற்றை அமைப்பாகத் தொடங்குவது நல்லது என்று எழுதினார். 2023-ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளி ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியைச் சிறு துண்டுகளிலிருந்து ஒற்றை அமைப்புக்கு மாற்றி, செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக வெளிப்படையாகவே சொன்னது. இத்தனையும் பொதுவெளியில் இருக்கிறது. 28,320 ரூபாய் வாங்குகிறவர் இதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

பாம்பன் பாலத்தைப் பார்க்கக் கூட்டிப்போவதாகவும், அதிலிருந்து கட்டமைப்புப் பாடம் என்றும் விளம்பரத்தில் இருந்தது. ரோட்டுப் பாலத்தில் வேனை நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்ததோடு முடிந்தது. ரயிலும் கப்பலும் ஒரே வாய்க்காலைப் பங்குபோட வேண்டிய சிக்கலுக்கு 1914-ல் கையால் இயக்குகிற, இரண்டாகப் பிரிந்து மேலெழும் பாலம் ஒரு விடை. 2025-ல் திறந்த பாலம் 72.5 மீட்டர் நீளத் துண்டை மோட்டார் வைத்து நேராக மேலே தூக்குவது இன்னொரு விடை. ஒரு மணி நேரம் பேசலாம். யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஸ்ட்ராட்டஜி. தங்கள் நிறுவனமே கண்டுபிடித்த வழிமுறை, வெளியில் எங்கும் கிடைக்காது என்று ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். மேலே வாடிக்கையாளரின் தேவை, கீழே அதைத் தாங்கும் பாகங்கள், இடமிருந்து வலமாகப் புதுமையிலிருந்து, யாரும் வாங்கக்கூடிய பொதுச்சரக்கு வரை. பார்த்ததுமே தெரிந்தது, அது சைமன் வார்ட்லி 2005 வாக்கில் உருவாக்கிய வார்ட்லி மேப். பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு, யாரும் இலவசமாகப் பயன்படுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவர் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அந்த வரைபடம் உண்மையிலேயே நல்ல கருவி. எங்கள் சாஃப்ட்வேரில் சர்வர் வாடகைக்குக் கிடைக்கிற பொதுச்சரக்கு, முன்பணக் கழிவுக் கணக்குதான் நாங்கள் மட்டும் செய்வது, ஆகவே உழைப்பை அங்கே போட வேண்டும் என்று அதை வைத்துப் பளிச்சென்று பார்க்கலாம். அதைச் சொல்லித்தர அரை நாள் போதும். அவர்கள் தாளை நிரப்பச் சொல்லி, நிரப்பியதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வாடிக்கையாளர் யார், என்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் அதில் இருந்தது. பலர் கொடுத்துவிட்டார்கள். என் கூட்டாளி கொடுக்க மறுத்து எங்கள் தாளை எடுத்து வந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறை விற்பனைக் கூட்டமாக மாறியது. ஒரு வருட வழிகாட்டல் திட்டம், 1,40,000 ரூபாய், இன்று சாயங்காலத்துக்குள் சேர்ந்தால் பாதி. கடன் கம்பெனி ஆள் ஒருவர் லேப்டாப்போடு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். உச்சிப்புளியிலிருந்து வந்த ஒரு தம்பி, படிப்பை முடித்துத் தனியாக வெப்சைட் செய்து கொடுப்பவர், ஆதாரும் பானும் கொடுத்து இஎம்ஐயில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதைக் கவனியுங்கள்: அந்தக் கடன் உங்களுக்கும் கடன் கம்பெனிக்கும் இடையிலானது. பயிற்சி நின்றுபோனாலும் தவணை நிற்காது. டிஜிட்டல் கடனில் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த விவரம் கடன் கம்பெனி கட்டாயம் தர வேண்டிய முக்கிய விவரத் தாளில் இருக்கும். அன்று ராத்திரியே அந்தத் தம்பியிடம், "தாள எடுத்துப் பாருப்பா, உடனே மெயில் போடு" என்று சொன்னோம். போட்டார், தப்பித்தார்.

மஞ்சள் தாளில் ஒட்டிய கேள்விகளுக்கு நேரம் வரவே இல்லை. மதிப்பீட்டு அறிக்கையும் இன்றுவரை வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவுப் படிவத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதைக் காட்டினார்கள். பிறகு கொடைக்கானல் பட்டறைக்கு இலவச இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டோம். ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் வாங்கினார்களே, அதற்கு முறையான பில்லும் கிடையாது. பணம் போனது ஒரு தனிநபர் யுபிஐ கணக்குக்கு. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை.

வராத ஆளின் பெயரைச் சொல்லி விற்றது, பில் கொடுக்காதது இரண்டும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைக்குள் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடத்தியவர்கள் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். நிறுவனத்தின் பெயரில் பணம் கட்டியிருந்தால், இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் அந்த ஒரு விஷயத்தை வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தொண்டிக்குப் போக நினைப்பவர்கள், அல்லது இதுபோல எந்தப் பட்டறைக்கும் பணம் கட்டப் போகிறவர்கள், நடத்துபவராகச் சொல்லப்படுபவரிடமே நேரில் ஒரு மெசேஜ் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் விஷயத்தில் அந்த ஒரு மெசேஜிலேயே எல்லாம் வெளுத்திருக்கும். அவர் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் தொழிலின் கடினமான கேள்வி ஒன்றை முன்கூட்டியே அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். விஷயம் தெரிந்தவர் பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் நாலு கேள்வி திருப்பிக் கேட்பார்: எத்தனை ஆள், எவ்வளவு சுமை, நெட் போனால் என்ன நஷ்டம் என்று. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் பட்டியல், விலை எழுதிய எந்தத் தாளையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

மண்டபம் பட்டறைக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், யுபிஐ ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்க வழி இருக்கிறது. கீழக்கரை காக்காவும் நாங்களும் புகாரை எழுதி முடித்துவிட்டோம். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.