டாவின்சி ரிசால்வ் கூட்டு எடிட்டிங்: சின்ன எடிட் ரூமுக்குத் தாங்குமா?

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் மாடி வீட்டில் நடக்கும் எடிட் ரூம்களில் வேலை ஓடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். எடிட்டர் ஒரு சிஸ்டத்தில் வெட்டுவார், அசிஸ்டென்ட் இன்னொன்றில் சவுண்ட் சிங்க் பண்ணுவார், நடுவில் ஒரு ஹார்ட் டிஸ்க் போய் வந்துகொண்டிருக்கும். டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) பண்ணுகிறவர் வடபழனியில் இருந்தால் அதே டிஸ்க் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறிப் போகும். கடைசியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் நியூ’ என்று மூன்று ப்ராஜெக்ட் இருக்கும். எது கடைசி வெட்டு என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. படத்தின் நல்ல மணி நேரங்கள் இந்தக் குழப்பத்தில்தான் வீணாகின்றன.

இதற்குத் தீர்வாக பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் தன் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளில் வைத்திருப்பது, ஒரே ப்ராஜெக்டைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யும் வசதி. பின் (கிளிப்களையும் டைம்லைன்களையும் வைக்கும் ஃபோல்டர்) லாக், டைம்லைன் (வெட்டிய ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) ஒப்பீடு, உள்ளேயே சாட் எல்லாம் 2017-ல் 14-ஆம் பதிப்போடு வந்தவை. இப்போது இலவசப் பதிப்பிலும் இந்த வசதி உண்டு. மூன்று நான்கு பேர் ஒரே கட்டடத்தில் இருக்கிற டீமுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். ஆனால் இன்ஸ்டால் செய்தவுடன் எல்லாம் தானாக நடந்துவிடாது. முதல் நாளே சில விஷயங்களைக் கட்டாயமாக ஒழுங்கு செய்தாக வேண்டும்.

ப்ராஜெக்ட் சர்வர் என்ற தனி ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே ஓடுவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், டீமின் ப்ராஜெக்டுகள் சேரும் லைப்ரரி இதில்தான் இருக்கும். பெரிய மெஷின் தேவையில்லை, ஓரமாகக் கிடக்கும் பழைய சிஸ்டம் போதும். அது ஸ்லீப் மோடுக்குப் போகக் கூடாது, ஐபி முகவரி மாறக் கூடாது. ரூட்டரில் அந்த மெஷினுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி, ஃபயர்வாலில் 5432 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். கூடவே வரும் ‘டாவின்சி’ என்ற பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்தது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள். எல்லா சிஸ்டத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் ஆர்வத்தில் புதுப் பதிப்பு போட்டு லைப்ரரியையும் அப்கிரேட் செய்துவிட்டால் மற்றவர்கள் வெளியேதான் நிற்பார்கள், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி கிடையாது. ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் பக்கமே போகக் கூடாது. லைப்ரரியை நெட்வொர்க்கில் வைத்த பிறகு, ஃபைல் மெனுவில் மல்டிபிள் யூசர் கொலாபரேஷனை ஆன் செய்தால் போதும்.

இனி லாக். இந்த வசதியின் உயிரே அதுதான். ஒரு பின்னுக்குள் முதலில் போனவருக்குத்தான் எழுதும் உரிமை, அடுத்து வருகிறவர் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்ற முடியாது. அதனால் எல்லா டைம்லைனையும் ஒரே பின்னில் கொட்டி வைத்தால் கூட்டு வேலை என்பதே இல்லாமல் போய்விடும். ரீலுக்கு ஒரு பின், அதில் அந்த ரீலின் டைம்லைன் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நிமிட ரீல் என்றால் இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறு பின் வரும். எடிட்டர் மூன்றாம் ரீலில் இருக்கும்போது அசிஸ்டென்ட் ஐந்தாம் ரீலில் டைட்டில் போடலாம். ஃபுட்டேஜ் பின்களும் அப்படியே, ஷூட்டிங் தேதிக்கு ஒன்று, அதனுள் கேமராவுக்கு ஒன்று.

அடிக்கடி வரும் தொல்லை ஒன்று. ஒருவர் பின்னைத் திறந்தபடியே சாப்பிடப் போய்விடுவார், அந்த பின் அவர் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும். ஆளுக்கு ஒரு காலி பின் அவரவர் பெயரில் வைத்து, எழுந்திருக்கும் முன் அதைக் கிளிக் செய்துவிட்டுப் போகும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வேறு பின்னுக்குப் போனதும் பழைய பூட்டு விடுபடும்.

கலர் பக்கத்தில் இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அங்கே பூட்டு விழுவது டைம்லைனுக்கு இல்லை, ஷாட்டுக்கு. கலரிஸ்ட் (டிஐ பண்ணுகிறவர்) தொட்டிருக்கும் ஷாட்டின் மேல் அவர் பெயர் தெரியும். எடிட்டர் அதே டைம்லைனில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கலரிஸ்ட் கிரேட் (நிறத் திருத்தம்) செய்யலாம், ஒருவர் செய்ததை மற்றவர் ரிஃப்ரெஷ் செய்து வாங்கிக்கொள்ளலாம். பிக்சர் லாக் (வெட்டு இறுதியாவது) வரும்வரை டிஐ தொடங்கவே முடியாது என்ற கட்டாயம் இதனால் தளர்கிறது. கானா ஆல்பம், வெப் சீரிஸ் மாதிரி தேதி நெருக்கும் வேலைகளுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ரிசால்வ் பக்கம் வரலாம். டைரக்டர் கரெக்‌ஷன் சொல்லி மாறிய வெட்டை, டைம்லைன் ஒப்பீட்டில் பழையதோடு பக்கத்தில் வைத்தால் எந்த இடம் நகர்ந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

பலர் ஏமாறும் இடம் மீடியா. லைப்ரரியில் இருப்பது ப்ராஜெக்ட் மட்டுமே, ஃபுட்டேஜ் அதில் இல்லை. எடிட்டர் சிஸ்டத்தில் எஃப் டிரைவ் என்று இருப்பது அசிஸ்டென்ட் சிஸ்டத்தில் ஜி டிரைவ் என்று இருந்தால் அத்தனை ஷாட்டும் சிவப்பாகி மீடியா ஆஃப்லைன் என்று நிற்கும். நாஸ் ஸ்டோரேஜை (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க்) எல்லா சிஸ்டத்திலும் ஒரே எழுத்தில் மேப் செய்துவிட்டால் தீர்ந்தது. மேக்கும் விண்டோஸும் கலந்திருந்தால் 18-ஆம் பதிப்பு முதல் இருக்கும் பாத் மேப்பிங்கை (ஒரு சிஸ்டத்தின் ஃபோல்டர் பாதையை இன்னொன்றின் பாதையோடு பொருத்தும் வசதி) பயன்படுத்துங்கள். சவுண்ட் எஃபெக்ட், லோகோ என்று எதையும் டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்துப் போடக் கூடாது, அது போட்டவருக்கு மட்டும்தான் ஓடும்.

நெட்வொர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். 24 ஃப்ரேமில் யுஹெச்டி (3840 x 2160) அளவு ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம் நொடிக்குச் சுமார் 707 மெகாபிட் இழுக்கும். சாதாரண கிகாபிட் லைனில் ஒரு ஸ்ட்ரீம் ஓடினாலே மூச்சு முட்டும், இரண்டாவது ஆள் ப்ளே அழுத்தினால் இருவருக்கும் திக்கும். 1080 அளவு ப்ரோரெஸ் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்காக எடுக்கும் லேசான நகல்) 36 மெகாபிட்தான், நான்கு பேர் ஓட்டினாலும் 144. எனவே ப்ராக்ஸியில் வெட்டி, கலருக்கு மட்டும் ஒரிஜினலுக்குப் போவதே சரி. கூடவே வரும் ப்ராக்ஸி ஜெனரேட்டருக்கு ஃபோல்டரைக் காட்டினால் ஃபுட்டேஜுக்குப் பக்கத்திலேயே ப்ராக்ஸி ஃபோல்டர் உருவாக்கி இரவோடு இரவாக முடித்துவிடும். பத்து கிகாபிட் ஸ்விட்ச் வாங்க வசதி இருந்தால் கலரிஸ்ட் சிஸ்டத்துக்கும் நாஸுக்கும் மட்டும் போட்டாலே போதும். கேட்-6 கேபிள் 55 மீட்டர் வரை அதைத் தாங்கும்.

ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிள் முனையை அவ்வப்போது பிடுங்கிப் பாருங்கள். உப்புக் காற்றில் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். சில ஜோடிகள் தொடர்பு விட்டால் லைன் அறுந்துவிடாமல், சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். மென்பொருளைத் திட்டுவதற்கு முன்னால் விண்டோஸில் லிங்க் வேகத்தைப் பாருங்கள், 100 என்று காட்டினால் கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்துவிடுங்கள். யுபிஎஸ் விஷயத்திலும் ஒரு பொதுவான தவறு உண்டு. எடிட் சிஸ்டங்களுக்குக் கொடுத்துவிட்டு ஸ்விட்சையும் சர்வரையும் நேரடி லைனில் விட்டுவிடுவார்கள். கரண்ட் ஒரு நொடி போனாலும் எல்லோருக்கும் லைப்ரரி துண்டிக்கப்படும். தினமும் வேலை முடிந்ததும் லைப்ரரியை பேக்கப் எடுத்து சர்வருக்கு வெளியே இன்னொரு டிஸ்க்கில் வைப்பதையும் விடக் கூடாது.

ஃப்ரேம் ரேட்டை ஃபுட்டேஜ் ஏற்றும் முன்னே முடிவு செய்யுங்கள். ஏற்றிய பிறகு ப்ராஜெக்ட் ஃப்ரேம் ரேட்டை மாற்ற ரிசால்வ் விடாது. 24-ல் செய்த 90 நிமிடப் படத்தை 25-ல் ஓட்டினால் 3 நிமிடம் 36 நொடி குறையும், டப்பிங் முழுக்க விலகும்.

சவுண்ட் பக்கம்தான் இந்த வசதியின் பலவீனம். ஃபேர்லைட் என்ற சவுண்ட் பகுதி ரிசால்வ் உள்ளேயே இருந்தாலும் நம் ஊர் மிக்ஸிங் தியேட்டர்களில் ப்ரோ டூல்ஸ் என்ற வேறு மென்பொருள்தான் ஆட்சி, அங்கே போனதும் கூட்டு வேலை அறுந்துவிடுகிறது. ஏஏஎஃப் (டைம்லைனை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) அனுப்பும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஹேண்டில் (வெட்டுக்கு இருபுறமும் கூடுதலாக விடும் பகுதி) குறைந்தது 48 ஃப்ரேம் வைத்து அனுப்புங்கள். படத்தின் முதல் ஃப்ரேம் 01:00:00:00 என்றால் 00:59:58:00-ல் ஒரே ஒரு ஃப்ரேம் பீப் இருக்க வேண்டும். ரெஃபரன்ஸ் வீடியோவிலும் அதே பீப் வேண்டும். இல்லாவிட்டால் ரீ-ரெக்கார்டிங் திரும்பி வரும்போது எதை எதோடு பொருத்துவது? அதன் பிறகு வரும் கரெக்‌ஷன்களை டைம்கோடோடு எழுதித்தான் அனுப்பியாக வேண்டும், ரிசால்வ் அதைச் சுமக்காது.

ஆட்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தால், லைப்ரரியை இணையத்தில் வைக்கும் பிளாக்மேஜிக் கிளவுட். 2022-ல் வந்தபோது ஒரு லைப்ரரிக்கு மாதம் 5 டாலர். ப்ராஜெக்ட் உடனுக்குடன் ஒத்துப்போகிறது, ஃபுட்டேஜ் விஷயம் வேறு. 100 மெகாபிட் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 100 ஜிபிக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும், 4 டிபிக்கு மூன்றரை நாளுக்கு மேல். ப்ராக்ஸியை நெட்டில் அனுப்பி, ஒரிஜினலை டிஸ்க்கில் ஒரே ஒரு முறை கொடுத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவுக்கு 295 டாலர், ஒரு முறை கட்டினால் போதும். கலரிஸ்டுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷனுக்காகவும் யுஹெச்டியைத் தாண்டிய அவுட்புட்டுக்காகவும் அது வேண்டும். அவர் அப்படி கிரேட் செய்த ஷாட்டை இலவசப் பதிப்பில் திறந்தால் மேலே வாட்டர்மார்க் தெரியும். ஆகவே கடைசி ரெண்டர் அவர் சிஸ்டத்திலிருந்தே போகட்டும். மற்றவர்களுக்கு இலவசப் பதிப்பே போதும், மிச்சமாகும் காசில் முதலில் ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் யுபிஎஸ் வாங்குங்கள்.