61,400 ரூபாய்க்கு மாற்றிய பிரேக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றிய வயரும்

பழைய ஜெர்மானியக் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவரா நீங்கள்? பிரேக் பேட் (சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) தேய்மான விளக்கு எரிந்து, ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் நீட்டியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு நடந்ததைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடையது 2010ஆம் ஆண்டு டீசல் செடான். 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள், எங்கள் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலேறும் சரிவில் ஸ்டியரிங்கை முழுக்க வலப்புறம் ஒடித்தபோது, வட்டத்தின் இருபுறமும் வளைகோடுகள் போட்டிருக்கும் அந்த மஞ்சள் விளக்கு முதன்முறையாக எரிந்தது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. இப்படி இரண்டு மூன்று முறை, ஏறக்குறைய அதே திருப்பத்தில் எரிந்து அணைந்த பிறகு, ஒரு நாள் அணையாமலே நின்றுவிட்டது.

பல பிராண்டு வண்டிகளைப் பார்க்கும், கண்ணாடி அறையும் காபி மெஷினும் வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். ஸ்டியரிங் ஒடிக்கும்போதுதான் விளக்கு வருகிறது என்று சர்வீஸ் அட்வைசரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் அதை ஜாப் கார்டில் எழுதிக்கொள்ளவே இல்லை. மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பேடின் படம் வந்தது. பக்கத்தில் அளவுகோலும் இல்லை, அது என் வண்டியினுடையது என்பதற்கு அடையாளமும் இல்லை. நான்கு சக்கரங்களிலும் பேட் தீர்ந்துவிட்டதென்றும், டிஸ்க்குகளும் வரம்பைத் தாண்டித் தேய்ந்துவிட்டனவென்றும், குடும்பத்தோடு போகிற வண்டியில் பிரேக் விஷயத்தில் விளையாடக்கூடாதென்றும் தொலைபேசியில் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது, சம்மதித்தேன். பேட்கள், டிஸ்க்குகள், இரண்டு தேய்மான சென்சார்கள், பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து பில் 61,400 ரூபாய். பழைய பாகங்களைக் கேட்டதற்குப் பேட்களை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். டிஸ்க்குகள் பழைய இரும்புக்குப் போய்விட்டனவாம்.

மூன்று வாரம் கழித்து, சாலையில் நல்ல தண்ணீர் நின்ற ஒரு நாளில், அதே விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை அவர்கள், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் மாட்யூல் பழுது என்றார்கள். செலவு 85,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நல்ல வேளையாக அன்று வண்டியை அங்கே விட்டுவிட்டு வரவில்லை.

அந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்பதை நான் முன்பே தெரிந்துகொண்டிருந்தால் இந்தப் பணம் போயிருக்காது. பேடின் கனத்தை அந்தச் சென்சார் தொடர்ந்து அளப்பதில்லை. பேடின் பள்ளத்தில் செருகப்பட்ட ஒரு பிளாஸ்டிக் முனைக்குள் மெல்லிய வயர் ஒன்று வளையமாக ஓடுகிறது. பேட் தேய்ந்து தேய்ந்து அந்த முனை சுழலும் டிஸ்க்கைத் தொடும்போது வயர் அறுந்து, மின்சுற்று திறந்து, விளக்கு எரிகிறது. ஆகவே, வயர் வேறு எங்கே அறுந்தாலும், கனெக்டரில் பச்சை பூத்தாலும், எலி கடித்தாலும் வண்டிக்கு எல்லாம் ஒன்றுதான். (பழைய மெர்சிடிஸ் வண்டிகள் பலவற்றில் ஏற்பாடு நேர் எதிர்: ஒற்றை வயர் டிஸ்க்கைத் தொட்டு எர்த் ஆனால்தான் விளக்கு வரும். அவற்றில் வயர் அறுந்தால் விளக்கு எரியாது. வயரின் உறை உரிந்து உடற்பகுதியில் பட்டால் எரியும்.) சக்கரத்தோடு திரும்பவும் ஏறி இறங்கவும் வேண்டிய இந்த வயர், பத்துப் பதினைந்து வருடத்தில் எங்காவது ஒரு கிளிப்பிலிருந்து கழன்று டயரில் உரசுவதில் வியப்பில்லை. என் வண்டியில் சென்சார் இருப்பது முன் இடது சக்கரத்திலும் பின் வலது சக்கரத்திலும் மட்டுமே. நான்கு பக்கமும் பேட் தீர்ந்துவிட்டது என்று இந்த விளக்கை வைத்து ஒருவர் சொல்லவே முடியாது.

அடுத்த நாள், நண்பர் ஒருவர் சொன்ன சிறிய கடைக்குப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துவிட்டு, பேட் மாற்றுவதற்கு முன் ஆயில் மட்டம் எங்கே இருந்தது என்று கேட்டார். கோடைக்காலத்தில் நான் பார்த்தபோது மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது, அதற்குப் பின் பேட் மாற்றும் வரை யாரும் ஊற்றவில்லை என்றேன். பேட் உண்மையிலேயே தீர்ந்தால், அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் பிஸ்டன் வெளியே தள்ளி மட்டம் தானாக இறங்கியிருக்கும் என்றார். பிறகு முன் இடது சக்கரத்தைக் கழற்றி, கனெக்டரைப் பிரித்து, சென்சாரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார், தொடர்பு இல்லை. வண்டிப் பக்கத்துக் கனெக்டரைச் சிறு வயரால் இணைத்ததும் விளக்கை அணைக்க முடிந்தது. கோளாறு மாட்யூலில் இல்லை என்பது அங்கேயே தீர்ந்தது.

வயரைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். டயர் உரசி அறுந்த வயரை முறுக்கிச் சேர்த்து, மேலே கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மழைத் தண்ணீரில் டேப் நெகிழ்ந்து முறுக்கு பிரிந்திருந்தது. பில்லில் பார்ட் எண்ணோடு விலை போட்டிருந்த புதுச் சென்சார் அங்கே இல்லை. பல வருட அழுக்குப் படிந்த பழைய சென்சாரே புதுப் பேடில் செருகப்பட்டிருந்தது, அதன் முனை டிஸ்க்கில் உரசிய தடமே இல்லாமல். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, டேப் சுற்றி, விளக்கை அணைத்த அதே கைகள்தான் எனக்குப் பேட் தீர்ந்ததாகப் படம் அனுப்பியிருக்கின்றன. டிக்கியில் கிடந்த பழைய பேட்களை வெர்னியரால் அளந்தோம்: மிகக் குறைவானதில் 7 மில்லிமீட்டர். பொதுவாக 3 மில்லிமீட்டரை நெருங்கும்போதுதான் மாற்றுவார்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் டிஸ்க் இல்லை.

சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் 1,450 ரூபாய்க்குச் சென்சார் வாங்கினேன். காணாமல் போயிருந்த கிளிப்புக்குப் பதில் புதியது போட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து வயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே சக்கரத்தை மாட்டினார். கூலி 400 ரூபாய். பின் சக்கரச் சென்சாரும் பழையதுதான் என்பதையும் அப்போதே படமெடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு விளக்கு எரிந்தால் வயர்தான் என்று யாரும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சென்சார் இல்லாத சக்கரத்தில், காலிபர் இறுகி, உட்புறப் பேட் மட்டும் அதன் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கக்கூடும். சக்கரத்தைக் கழற்றி உள்பேடையும் பார்த்தாக வேண்டும். விளக்குத் தொல்லைக்காகச் சென்சாரே இல்லாமல் கனெக்டரைச் சிறு வயரால் நிரந்தரமாக இணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பில்லையும் படங்களையும் காட்டியபோது, சென்சார் விஷயம் பையன்கள் செய்த கவனக்குறைவு என்று சொல்லி அந்த 3,900 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதிக்காக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பழைய பேட்களும் டேப் சுற்றிய வயரும் அதற்காக ஒரே பையில், டிக்கியிலேயே இருக்கின்றன.